சாத்தியிருந்த படல்

வரிசையில் எனக்கு முன்னால் பதினேழு தலை இருக்கிறது. எண்ண வேண்டும் என்று நினைத்து எண்ணவில்லை. முப்பத்தைந்து வருஷமாகப் பொழுது சாயும்போது படலருகே நின்று ஆட்டை எண்ணிய கண், எங்கே கூட்டத்தைப் பார்த்தாலும் தானாக எண்ணிக்கொள்கிறது, பஸ்ஸில் எண்ணும், பந்தியில் எண்ணும், எழவு வீட்டில்கூட எண்ணும். பதினேழு பேர் கையிலும் மிளகாய்ப் பொட்டலம். எல்லோருடையதும் ஏதோ ஒன்று களவு போயிருக்கிறது. கோயிலின் மூலையில் அம்மி கிடக்கிறது, அங்கே உட்கார்ந்து மிளகாயை அரைத்து, அம்மனுக்கு எதிரில் இருக்கிற நியாயக்கல்லில் பூச வேண்டும். பூசும்போது எடுத்தவனை நினைத்துக்கொண்டால் போதும், பேர் சொல்லக்கூடத் தேவையில்லை, மீதியை அவள் பார்த்துக்கொள்வாள் என்கிறார்கள். பேர் சொல்லத் தேவையில்லை என்பதுதான் எனக்குப் பயம். சொல்ல வேண்டும் என்றிருந்தால் வாய்க்கு வந்த ஒரு பேரைச் சொல்லிவிட்டுப் போயிருப்பேன், போலீஸ்காரரிடம் பொய் சொன்னவள்தானே. இங்கே அது நடக்காது. எடுத்தவன் என்றால் எடுத்தவன்தான். அந்த எடுத்தவன் என் பக்கத்தில் நின்று செல்போனைப் பார்த்துக்கொண்டிருக்கிறானோ என்று நினைக்கிற நான் என்ன தாயோ தெரியவில்லை. பூபதி, என் ஒரே மகன், முப்பத்திநான்கு வயது, காலையில் எனக்கு முன்னால் எழுந்து குளித்து, வண்டிக்குப் பெட்ரோல் போட்டுவந்து, நேரமாகிறது கிளம்பு என்றவன். மிளகாயைக்கூட அவன்தான் வாங்கினான். நீள மிளகாயா குண்டு மிளகாயா என்று கடைக்காரர் கேட்டதற்கு, எது காரமோ அதைக் கொடுங்கள் என்றான். திருடியவன் அப்படிச் சொல்வானா. சொல்லமாட்டான். திருடியவன்தான் அப்படிச் சொல்வான். ஒன்பதரை மணியிலிருந்து இந்த இரண்டுக்கும் நடுவில்தான் நான் போய்வந்துகொண்டிருக்கிறேன், வரிசை என்னவோ நின்ற இடத்திலேயே நிற்கிறது.

எங்கள் பக்கத்தில் ஆட்டின் பின்னால் கோலெடுத்துக்கொண்டு யாரும் திரிவதில்லை. காட்டைச் சுற்றிக் கிளுவை வேலி, உள்ளே கொழுக்கட்டைப் புல், நடுவில் நாலைந்து வெள்வேல மரம், நுழைகிற இடத்தில் ஒரு முள் படல். காலையில் செம்மறிகளை உள்ளே விட்டுப் படலைச் சாத்திவிட்டால் அதுகள் பாட்டுக்கு மேயும், நாம் பாட்டுக்கு நம் வேலையைப் பார்க்கலாம். இதனால்தான் திருடனுக்கு எங்கள் பக்கம் மாமியார் வீடு மாதிரி ஆகிவிட்டது. பட்டப்பகலில் சின்ன வேன் ஒன்று வரும், வேலியை வெட்டி, ஆட்டைத் தூக்கிப் போட்டுக்கொண்டு போய்விடும். இந்த வருஷத்தில் மட்டும் ஊரைச் சுற்றி ஆறு காடு காலி. ஏழாவது என்னுடையது, ஒரு புதன்கிழமை. ரேஷன் கடையில் கைரேகை வைக்கச் சொன்னார்கள் என்று போயிருந்தேன். என் விரலை மிஷின் ஏற்றுக்கொள்ளவில்லை, துடைத்துத் துடைத்து வைத்தும் ஆகவில்லை, கடைக்காரப் பெண் இது கையா முள்வேலியா என்று கேட்டாள், நானும் சிரித்தேன். நான் அங்கே சிரித்துக்கொண்டிருந்த நேரத்தில்தான் நடந்திருக்கும். திரும்பி வந்தபோது மணி இரண்டு. படல் சாத்தியிருந்தது. அடியில் முட்டுக் கொடுத்திருந்த கல்லை நகர்த்தி, கம்பத்தில் மாட்டியிருந்த கயிற்றைக் கழற்றி, உள்ளே போய், பழக்கதோஷத்தில் படலைத் திரும்பச் சாத்திவிட்டு நிமிர்ந்து பார்த்தால் காடு வெறுமனே கிடந்தது. மரத்துக்குப் பின்னால் நிற்கும் என்று நினைத்தேன். ஒவ்வொரு மரமாகப் போய்ப் பின்னால் பார்த்தேன், பதினொரு உருப்படி ஒரு மரத்துக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளுமாக்கும். பிறந்து பத்து நாளான இரண்டு குட்டிகள் மட்டும் நிழலில் நின்று கத்திக்கொண்டிருந்தன. நான் கூப்பிட்டதும் ஓடிவந்து என் சேலையை முட்டின.

அப்போது எனக்கு அழுகை வரவில்லை. குட்டிகளை அணைத்துப் பிடித்துக்கொண்டு படலையே பார்த்து நின்றேன். மற்ற ஆறு காட்டிலும் வேலி வெட்டிக் கிடந்தது, இல்லையென்றால் படல் தூர வீசிக் கிடந்தது. ஆட்டை ஏற்றிக்கொண்டு ஓடுகிறவன் படலைச் சாத்திக்கொண்டா நிற்பான். இங்கே கயிறும் மாட்டியிருக்கிறது, கல்லும் வைத்திருக்கிறது. கல் வைப்பது எங்கள் வீட்டு வழக்கம், போன ஆனியில் நாய் புகுந்து ஒரு குட்டியைக் குதறிய பிறகு பூபதிதான் அதை ஆரம்பித்தான். எடுத்தவன் ஆட்டையெல்லாம் ஏற்றி முடித்துவிட்டு, தாயில்லாத குட்டி ரோட்டுக்குப் போய் லாரியில் அடிபட்டுவிடுமே என்று யோசித்து, திரும்பி வந்து, கயிற்றை மாட்டி, கல்லைத் தூக்கி வைத்துவிட்டுப் போயிருக்கிறான். இவ்வளவு நல்லவனைப் பெற்றவள் யார் என்று நினைத்தேன். நினைத்த மாத்திரத்தில் எனக்குக் காது அடைத்துக்கொண்டது. பக்கத்துக் காடு என் வீட்டுக்காரரின் தங்கை மயிலாத்தாளுடையது. அடுத்த வீட்டுத் துக்கம் என்றால் அவளுக்குக் கால் தரையில் பாவாது, குட்டி கத்துவதைக் கேட்டு ஓடிவந்துவிட்டாள். எப்படிப் போயிற்று என்று அவள் கேட்டபோது, படல் திறந்து கிடந்தது என்றேன். நானாகச் சொல்லவில்லை, வாய் சொல்லிற்று. அதையே போலீஸ்காரரிடமும் சொன்னேன், அவரும் எழுதிக்கொண்டார். திறந்து கிடந்தால் வெளியாள். வெளியாள் என்றால் ஊர் யாரைத் தேடும். இரண்டாம் நாள் பழைய இரும்பு வாங்க மூன்று சக்கர வண்டியில் வந்த ஆளைப் பிடித்து வேப்பமரத்தில் கட்டி அடித்தார்கள். போன மாதம்தான் என்னிடம் ஓட்டைக் குடம் ஒன்றை வாங்கிக்கொண்டு, இதில் ஓட்டைதான் இருக்கிறது அக்கா, குடத்தைக் காணோம் என்று சிரிக்கவைத்துவிட்டுப் போனவர். ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டு நின்றேன். படல் சாத்தியிருந்தது என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவிழ்த்து விட்டிருப்பார்கள். அவிழ்த்து விட்டுவிட்டு என் வீட்டுப் பக்கம் திரும்பியிருப்பார்கள். நான் சொல்லவில்லை. அவருடைய உதடு கிழிந்து சட்டையெல்லாம் ரத்தம், அப்போதும் சொல்லவில்லை. கடைசியில் பூபதிதான் போய் அவிழ்த்தான், விடுங்க, பாவம், இந்த ஆள் இல்லை என்றான். இந்த ஆள் இல்லை என்று உனக்கு எப்படித் தெரியும் என்று ஒருத்தரும் அவனைக் கேட்கவில்லை. ஜன்னலுக்குப் பின்னால் நான் மட்டும் கேட்டுக்கொண்டேன்.

வரிசை நாலு எட்டு முன்னால் போகிறது. அம்மியிலிருந்து வருகிற நெடியில் எல்லோரும் தும்முகிறார்கள், இருமுகிறார்கள். பூபதி தன் கைக்குட்டையை எடுத்து என்னிடம் நீட்டுகிறான், மூக்கைப் பொத்திக்கொள் என்கிறான். கைக்குட்டை என்றதும் இவனுக்குப் பார்த்த பெண்ணின் கைக்குட்டை ஞாபகம் வருகிறது, இளநீல நிறம், ஓரத்தில் பூப் போட்டது. ஏழு வருஷமாக இவனுக்குப் பெண் பார்க்கிறோம். காடு எத்தனை ஏக்கர் என்று கேட்ட காலம் போய், பெண் காட்டுக்குப் போக வேண்டியிருக்குமா என்று கேட்கிற காலம் வந்துவிட்டது. கம்பெனியில் வேலை என்றால் சம்மதம், காடு தோட்டம் என்றால் ஜாதகம் பொருந்தவில்லை என்பார்கள், ஜாதகத்தைக் கொடுப்பதற்கு முன்னாலேயே பொருந்தாமல் போன இடமும் உண்டு. இந்த வெள்ளக்கோயில் பக்கத்துப் பெண்தான் வீடு பார்க்கிற வரைக்கும் வந்தது. வந்தவர்கள் கொல்லைப்புறம் போய் ஆட்டுப்பட்டியைப் பார்த்தார்கள். பெண் கைக்குட்டையை எடுத்து மூக்கில் வைத்தாள், அவளுடைய அம்மா, பிள்ளைக்கு ஆட்டு வாடை ஆகாது என்றாள். கறிக்குழம்பு மட்டும் ஆகுமாக்கும் என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது. தரகர் சிரித்துச் சமாளித்துப் பார்த்தார், அவர்கள் காபியைப் பாதியில் வைத்துவிட்டுப் போய்விட்டார்கள். அன்றைக்குப் பூபதி என்னைத் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். தட்டில் கை கழுவிவிட்டு ஒன்றே ஒன்று கேட்டான்.

"உனக்கு நான் வேணுமா, ஆடு வேணுமாம்மா?"

ரெண்டுந்தான் வேணும் என்றேன், விளையாட்டாகச் சொல்வதுபோல. அவன் விளையாட்டாகக் கேட்கவில்லை என்று எனக்கு அப்போதே தெரியும். மூன்று வருஷமாக விற்றுவிடலாம் என்று சொல்லிக்கொண்டிருந்தவன் அதற்குப் பிறகு அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. பன்னிரண்டாம் நாள் காடு காலி. ஆட்டை விற்றுவிட்டு நான் என்ன செய்வேன் என்று ஒருநாளும் அவனிடம் சொன்னதில்லை. சொன்னால் கிழவிக்குக் கிறுக்கு என்பான். அவன் அப்பா போய்ப் பதினொரு வருஷம். விடிந்தால் எழுந்திருக்க எனக்கு ஒரு காரணம் வேண்டும், அது பட்டியில் நின்று கத்திக்கொண்டிருந்தது, அவ்வளவுதான். பதினொரு ஆட்டுக்கும் நான் வந்தால் தெரியும், வராவிட்டாலும் தெரியும். மகன் சாப்பாடு போட்டான், மாத்திரை வாங்கித் தந்தான், குறை சொல்ல ஒன்றுமில்லை, ஆனால் நான் ஒரு பகல் முழுக்க இல்லாமல் போனால் ராத்திரிச் சோற்றுக்குத்தான் அவனுக்குத் தெரியும். இது அவனுடைய தப்பில்லை. முப்பத்திநான்கு வயதில் அவனைத் தேட ஒரு ஆள் வேண்டும், அதற்கு நான் போதாது. இதெல்லாம் எனக்குப் புரியாமல் இல்லை. புரிந்தும் விற்கவில்லை. ஆடு போன நாலாம் நாள் பெண் வீட்டிலிருந்து அவர்களாகவே தரகரைக் கூப்பிட்டு, பாவம், இப்படி ஆகிவிட்டதே, மறுபடியும் ஆடு வாங்குவார்களா என்று கேட்டிருக்கிறார்கள். யோசித்துச் சொல்கிறோம் என்று பூபதி சொன்னானாம்.

எனக்கு முன்னால் நிற்கிற பெண் திரும்பித் திரும்பிப் பேசுகிறாள். பல்லடம் பக்கமாம், இரண்டு வெள்ளாடு போய்விட்டதாம், ஆனால் கல்யாண வீட்டுக்கு வந்தவள் மாதிரி தெம்பாக இருக்கிறாள். எடுத்தவன் கை விளங்காமல் போக வேண்டும் என்று காலையிலிருந்து நாலு தரம் சொல்லிவிட்டாள். அவளால் சொல்ல முடிகிறது. அவள் அண்ணன் ஊரில் மாடு களவு போனதற்கு ஒருத்தர் இங்கே வந்து பூசினாராம், நாற்பதாம் நாள் ஒருவனுக்கு வலது கையும் வலது காலும் விழுந்துவிட்டதாம், பார்த்தால் பூசினவருடைய சொந்தச் சகலையாம். அம்மாவுக்குச் சொந்தம் பந்தமெல்லாம் கணக்கில்லைங்க்கா என்று சந்தோஷமாகச் சொல்கிறாள். அப்புறம் குரலைத் தணித்துக்கொண்டு கேட்கிறாள்.

"ஏனுங்க்கா, உங்களுக்கு ஆரு மேலயாச்சும் சந்தேகம் இருக்குதுங்களா?"

இல்லை என்கிறேன். பூபதி செல்போனிலிருந்து தலையைத் தூக்கி என்னைப் பார்க்கிறான், பிறகு திரும்பவும் குனிந்துகொள்கிறான். ஏன் பார்த்தான். பேச்சைக் கேட்டான், பார்த்தான், எல்லோரும்தான் பார்ப்பார்கள். பத்தொன்பது நாளாக நான் இவனுடைய கண்ணைப் படித்துக்கொண்டிருக்கிறேன், எழுத்துத் தெரியாதவள் பேப்பரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதுபோல. திருடனென்றால் குட்டிகளுக்குப் பால்புட்டி வாங்கிவந்திருப்பானா. ரப்பரில் ஓட்டை சின்னதாக இருக்கிறது என்று ஊசியைக் காய்ச்சிக் குத்தினான். திண்டாடித் திண்டாடி மடியில் வைத்துப் புகட்டினான். ஒன்று ஐந்தாம் நாள் செத்தது, இன்னொன்று ஒன்பதாம் நாள். இரண்டையும் அவனே குழிவெட்டிப் புதைத்தான், அன்றைக்குச் சரியாகச் சாப்பிடவில்லை. இரக்கத்தில் சாப்பிடவில்லையா, செய்த காரியம் உறுத்திச் சாப்பிடவில்லையா. எங்கள் பக்கத்தில் படலைச் சாத்தாத கை ஏது. நடக்கப் பழகிய நாளிலிருந்து திறந்தால் சாத்து, திறந்தால் சாத்து என்று தலையில் குட்டிக் குட்டி வளர்த்த பிள்ளைகள்தானே எல்லாரும். திருடுகிறவனும் எங்கள் பக்கத்தான் என்றால் கை தன்னால் சாத்தியிருக்கும். கல்லும் பக்கத்திலேயே கிடந்தது, கிடந்ததை வைத்துவிட்டுப் போயிருக்கலாம். இப்படி நினைத்தால் ஒரு மூச்சு நன்றாக வருகிறது. அடுத்த மூச்சில், ஆடு கத்தியிருந்தால் மயிலாத்தாளுக்குக் கேட்டிருக்குமே என்று தோன்றுகிறது. குட்டி கத்தியதற்கு ஓடிவந்தவள். செம்மறி தெரியாத ஆளைக் கண்டால் கும்பலாக மிரண்டு ஓடும், கத்தும். தெரிந்த ஆள் முன்னால் நடந்தால் சத்தமில்லாமல் பின்னாலேயே போகும். பதினொன்றும் அவன் பின்னால் வரிசையாகப் போயிருக்கும், தண்ணீருக்குக் கூட்டிப்போகிறான் என்று நினைத்திருக்கும். அந்த இடத்துக்கு வந்ததும் என் நினைப்பு நின்றுவிடுகிறது, மேலே போகமாட்டேன் என்கிறது.

இங்கே வர வேண்டும் என்று நான் கேட்கவில்லை. மயிலாத்தாள்தான் விடவில்லை, போலீஸ் என்னத்தைப் பிடிப்பார்கள், மிளகாய் அரைத்துப் பூசிவிட்டு வா, எடுத்தவன் தானாகக் கொண்டுவந்து நிறுத்துவான் என்று ஊரெல்லாம் கேட்கச் சொன்னாள். மாட்டேன் என்றால் ஏன் மாட்டாய் என்ற கேள்வி வரும். பூபதி அப்போது வாசலில் வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்தான். போலாம்மா, ஞாயிற்றுக்கிழமை கூட்டிப்போறேன் என்றான், துடைப்பதை நிறுத்தவேயில்லை. வருகிற வழியெல்லாம் அவன் முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்து வேண்டிக்கொண்டே வந்தேன். வண்டி பஞ்சராக வேண்டும், மழை வர வேண்டும், இல்லையென்றால் நடுவழியில் நிறுத்திவிட்டு, வேண்டாம்மா, திரும்பிப் போயிடலாம் என்று அவன் சொல்ல வேண்டும். அந்த ஒரு வார்த்தை போதும் எனக்கு. ஏன் என்றுகூடக் கேட்டிருக்கமாட்டேன். ஆடு போனால் போகிறது, என் மகனுக்குப் பயமாவது இருக்கிறதே என்று ஊரைப் பார்க்கத் திரும்பியிருப்பேன். அவன் வழியில் ஒரே இடத்தில்தான் நிறுத்தினான், எனக்கு டீ வாங்கித் தந்தான், சர்க்கரை கம்மியாகப் போடச் சொன்னான்.

எனக்கு முன்னால் இனி ஒரே ஆள். பல்லடத்துப் பெண் உட்கார்ந்து அரைக்க ஆரம்பித்துவிட்டாள், வளையல் குலுங்குகிறது. திடீரென்று எனக்கு ஒரு வழி தெரிகிறது, இத்தனை நேரம் எப்படித் தெரியாமல் போயிற்று. மனதில் நினைப்பதுதானே கணக்கு. எடுத்தவனை நான் ஏன் நினைக்க வேண்டும். பொய் சொன்னவளை நினைத்துக்கொள்கிறேன். படல் திறந்து கிடந்தது என்று சொல்லி ஒரு ஏழையை மரத்தில் கட்டிவைத்து அடிக்கவிட்டவளை, அவர் ரத்தத்தோடு வண்டியை உருட்டிக்கொண்டு போனதை ஜன்னலுக்குள் நின்று பார்த்தவளை, மகன் வேண்டுமா ஆடு வேண்டுமா என்று கேட்டபோது சிரித்தவளை. தாயே, இவளைப் பார்த்துக்கொள், இவள் கையும் காலும் விழட்டும், வயதான கட்டைதானே, விழுந்தால் யாரும் ஏனென்று கேட்கமாட்டார்கள், சர்க்கரை வியாதி என்று சொல்லிக்கொள்வார்கள். மனம் லேசாகிறது. உண்மையிலேயே லேசாகிறது, பத்தொன்பது நாளில் முதல்முதலாக. அழுத்தி அரைப்பேன், நன்றாக விழுதாக அரைப்பேன், ஒரு விதைகூடத் தெரியாமல். பல்லடத்துப் பெண் எழுந்துவிட்டாள். அம்மிக்குப் பக்கத்தில் தண்ணீர்ச் செம்போடு உட்கார்ந்திருக்கிற கோயில்காரம்மா என்னைப் பார்த்து, யார் அரைக்கிறது, உட்காருங்கள், பின்னால் ஆள் நிற்கிறார்கள் என்கிறாள்.

நான் குனிகிறேன். அதற்குள் பூபதி சட்டைக் கையை மடித்துக்கொண்டு அம்மிக்கு முன்னால் உட்கார்ந்துவிட்டான். என் கையிலிருந்த பொட்டலத்தை வாங்குகிறான்.

"நீ தள்ளிக்கம்மா. உன்ற கை வெடிச்சுக் கெடக்குது, எரியும்."

"நான்தான் அரைக்கோணும் சாமி. என்ற ஆடு."

"நம்ம ஆடுதானம்மா," என்கிறான்.

அவன் தோளைப் பிடித்து இழுத்திருக்கலாம். அம்மிமேல் குப்புற விழுந்திருக்கலாம், நெஞ்சு வலிக்கிறது என்று ஒரு பொய் சொல்லியிருக்கலாம், பொய் எனக்குப் புதுசா. பின்னால் முப்பது பேர் நிற்கிறார்கள். இழுத்தால் ஏன் இழுக்கிறாள் என்று அத்தனை பேரும் பார்ப்பார்கள், பார்த்தால் தெரிந்துவிடும். அதனால் நான் சும்மா நிற்கிறேன். அவன் மிளகாயைக் கொட்டி, தண்ணீர் தெளித்து, குழவியை நகர்த்துகிறான். பதறாமல், அவசரமில்லாமல், வீட்டில் எனக்குக் காய்ச்சல் வந்தால் சட்னி அரைப்பானே அந்த மாதிரி அரைக்கிறான். இருமல் வருகிறது, தோளில் வாயைத் துடைத்துக்கொண்டு மறுபடியும் அரைக்கிறான். முகத்தில் ஏதாவது தெரிகிறதா என்று பார்க்கிறேன். ஒன்றும் தெரியவில்லை. இவன் எடுக்கவில்லை என்றால், எடுக்காத பிள்ளையைப் பத்தொன்பது நாள் திருடன் திருடன் என்று உள்ளுக்குள் சொல்லிக்கொண்டு அவனோடு ஒரே பாத்திரத்துச் சோற்றைத் தின்றிருக்கிறேன், இவனுக்காக என்று ஒரு மனுஷனை அடிபட விட்டிருக்கிறேன். எடுத்திருக்கிறான் என்றால், தன் தலைமேல் தானே இதைப் பூசிக்கொள்ளுமளவுக்கு என் பிள்ளை எதற்கும் பயமற்றுப் போய்விட்டான், இல்லையென்றால் எதுவானாலும் ஆகட்டும் என்று வந்துவிட்டான். இரண்டில் எதுவாக இருந்தாலும் நான் அவனைப் பெற்ற நாளுக்குத் திரும்பிப்போக வழியில்லை. அவன் விழுதை வழித்து எடுத்துக்கொண்டு நியாயக்கல்லுக்குப் போகிறான். எல்லோரும் பூசின சிவப்பின்மேல் பூசுகிறான். உதடு அசைகிறது. என்ன சொன்னான் என்று கேட்கவில்லை, மணி அடித்துக்கொண்டிருக்கிறது.

வெளியே செருப்புவிடும் இடத்துக்குப் பக்கத்தில் குழாய் இருக்கிறது. கையைக் கழுவினான். கழுவின கையாலேயே கண்ணைக் கசக்கிவிட்டான், மிளகாய் ஒரு கழுவலில் போகுமா. இரண்டு கண்ணும் சிவந்து, தண்ணீர் கொட்டுகிறது, திறக்க முடியாமல் குழாய்க் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறான். நான் ஓடிப்போய் அவன் தலையைக் குனியவைத்து, உள்ளங்கையில் தண்ணீர் பிடித்துப் பிடித்து அவன் கண்ணில் அடிக்கிறேன். முன்னந்தலையில் முடி கொட்டியிருக்கிறது, இவ்வளவு கிட்டத்தில் பார்த்து எத்தனை வருஷமாயிற்று. அழாதம்மா, மிளகாய்தான், போயிடும் என்கிறான். நான் அழுகிறேன் என்பது அவன் சொல்லித்தான் எனக்குத் தெரிகிறது. நாளையிலிருந்து தினமும் இவன் எழுந்து நடந்து வருவதைப் பார்ப்பேன், டம்ளரை எந்தக் கையால் எடுக்கிறான், விரல் சரியாக மடங்குகிறதா, படியில் கால் தடுக்கியதா என்று பார்ப்பேன். நாற்பது நாள் முடிந்தாலும் பார்ப்பேன், நான் சாகிற வரைக்கும் பார்ப்பேன். கேட்டுவிடலாமா என்று நாக்கு நுனிவரை வருகிறது. இப்போது அவனுக்குக் கண் தெரியாது, என் முகத்தைப் பார்க்க வேண்டியதில்லை, ஒரே வார்த்தைதான். அதற்குள் அவன் குனிந்தபடியே, கண்ணை மூடியபடியே மெதுவாகப் பேசுகிறான்.

"இனி ஆடு வாங்க வேண்டாம்மா."

என் கையிலிருந்த தண்ணீர் விரல் சந்தில் ஒழுகிப்போகிறது. மறுபடியும் பிடிக்கிறேன். அவன் பதிலுக்குக் காத்திருக்கிறான், குனிந்த தலையை நிமிர்த்தவில்லை.

"சரி சாமி, வாங்கலை," என்று சொல்லி அவன் கண்ணில் தண்ணீரை அடிக்கிறேன்.